பண்ணையார் அசையாமல் உட்கார்ந்த படம்

நீடாமங்கலம் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த மூஸாவுக்குக் கோபம் வந்தால் ரயிலே ஒதுங்கிப் போகும். அன்றைக்கு வந்த கோபத்துக்குத் தண்டவாளமே ஒதுங்கியிருக்கும்.

கழகம் ஆட்சிக்கு வந்த புதிது. பண்ணையார் ரெங்கசாமி வேட்டிக் கரையை மட்டும் கறுப்பு சிவப்பாக மாற்றிக்கொண்டார், கூலியை மாற்றவில்லை. கூலி நெல்லில் அரை மரக்கால் கூடுதலாகக் கேட்டுக் கொடி பிடித்தவன் வீரையன். மாரியம்மன் திருவிழாவில் அவன் தீப்பந்தம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பண்ணையாரின் வைக்கோல் போர் எரிந்தது. "வீரையன் கொளுத்தியதை வயலில் நின்று என் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷர். போலீஸ் வீரையனை அள்ளிக்கொண்டு போனது. கூலிக்காரத் தெரு சொன்ன சாட்சி ஸ்டேஷன் வாசலைத் தாண்டவில்லை.

வீரையன் மனைவி பொன்னுத்தாய் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தாள்.

"பாய், அன்னிக்குத் திருவிழாவுல படம் புடிச்சீங்கள்ல? அவரு ஆட்டத்துலதான் இருந்தாருன்னு காட்டுங்க."

மூஸா படத்தைக் கழுவி எடுத்தார். இருட்டில் நெருப்பு படத்தில் விழ வேண்டுமென்று அன்றைக்குக் கேமராவின் கண்ணை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார். தீ வண்டிச் சக்கரம் மாதிரி வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. ஓயாமல் ஆடிய வீரையன் புகையாய்க் கரைந்துவிட்டான். மூக்கு இல்லை, முழி இல்லை.

"ஏன் பாய், எம் புருசன ஒங்க பொட்டி தின்னுடுச்சா?"

"ஆமாம்மா, தின்னுட்டு ஏப்பம் விடுது!" மூஸா கேமராவைத் தூக்கிப் போட்டு உடைக்கப் போனார்.

"இருங்க பாய். இது யாரு, புடிச்சு வச்ச பிள்ளையாராட்டம்?"

நெருப்பு வெளிச்சத்தில், முன்வரிசை நாற்காலியில், கோயில் மாலையோடு பண்ணையார்! கேமராவைக் கண்டால் மூச்சுகூட விடாமல் விறைத்து உட்காருவது அவர் வழக்கம். மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"வயல்ல நின்னு பாத்த கண்ணு இங்க என்னய்யா பண்ணுது?" மூஸா போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடை பாய்லர் கொதிப்பதை நிறுத்தியது.

படத்தைக் கதவளவு பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் ஆணி அடித்து மாட்டினார். கடைத்தெருவே கூடிச் சிரித்தது. பண்ணையின் காரியக்காரர் தியாகராசன் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"பாய், ஐயா கழட்டச் சொல்றாரு."

"மொதல்ல வீரையன விடச் சொல்லுங்க."

இருட்டில் ஆள் தெரியவில்லை என்று பண்ணையார் பல்டி அடித்தார். வீரையன் வெளியே வந்தான். பந்தம் சுற்றிய வலது கை போலீஸ் அடியில் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"அதான் விட்டாச்சுல்ல, கழட்டுங்க" என்றார் தியாகராசன்.

மூஸா அந்தக் கையைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, படத்தில் இன்னும் நாலு ஆணி அறைந்தார்.