பழுப்பு மட்டியும் பிரமிளாவின் விரதமும்

திருப்பதியில் அந்தத் தனியார் கல்லூரியின் விலங்கியல் துறைக்குப் பூச்சி வந்தாலும் நத்தை வந்தாலும், "பிரமிளாகிட்ட காட்டு" என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவளைக் கெடுத்துவிட்டார்கள். பிச்சாட்டூரில் நெல்லும் கரும்பும் போடும் குடும்பத்திலிருந்து வந்த ஆசிரியை. கடலையே கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலில் பார்த்தவள். அப்படிப்பட்டவள் சிப்பியின் ஓட்டைப் பார்த்தே பேர் சொல்கிறாள் என்பதில் துறைக்கே பெருமை. அவளுக்கோ அந்தப் பேச்சு காதில் விழாவிட்டால் சோறு இறங்காது.

இந்த வருடம் யாமினி வேலைக்குச் சேர்ந்தாள். புத்தூர்க்காரி, சின்ன வயது, கொச்சியில் மட்டி என்கிற கடல் சிப்பிகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். வந்த வாரமே துறைத்தலைவர் ஹரிபாபு அவளை அறைக்குக் கூப்பிட்டுக் காபி வரவழைத்துப் பேசினார். பிரமிளாவுக்கு இத்தனை வருடத்தில் ஒரு வாய்க் காபி கிடைத்ததில்லை. அன்றைக்குப் பற்றிக்கொண்டது வயிற்றெரிச்சல். யாமினி வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் எரிந்தது. "துன்னுங்கக்கா" என்று அவள் டிபன் டப்பாவை நீட்டினால் இன்னும் எரிந்தது.

புரட்டாசியில் மாணவர்கள் கடற்கரைக்குப் போய் ஐஸ் பெட்டி நிறைய மட்டி கொண்டுவந்தார்கள். அலை ஏறி இறங்கும் பாறைகளில் கொத்தாக ஒட்டி வளர்பவை. இந்தக் கிழக்குக் கரையில் கிடைப்பது பச்சை மட்டி. இவற்றின் ஓடோ முழுக்கப் பழுப்பு. பழுப்பு மட்டி என்ற இனம் கன்னியாகுமரி, கேரளப் பக்கத்தில் இருப்பது. இங்கே இருந்தால் பெரிய செய்தி. ஆனால் ஓட்டின் நிறத்தை நம்பக்கூடாது. பச்சை மட்டியிலேயே சில பழுப்பு ஓட்டோடு வளரும். திறந்து, சதையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் மொட்டு மொட்டாக இருந்தால் பழுப்பு மட்டி, வழவழவென்று இருந்தால் பச்சை. இதெல்லாம் பிரமிளாவுக்குத் தெரியாததில்லை.

ஆனால் பக்கத்தில் யாமினி நின்றாள். திறந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியும், பார்த்ததும் சொல்ல என்னால்தான் முடியும் என்று காட்டிவிடத் துடித்தது பிரமிளாவின் மனசு.

"பழுப்பு மட்டிதான் சார்" என்றாள்.

ஹரிபாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை கருத்தரங்கில் அறிவித்துவிடலாம் என்றார்.

"ஒண்ணு தெறந்து பாத்துடலாமாக்கா?" என்று யாமினி மெல்லக் கேட்டாள்.

"பொரட்டாசிம்மா. நான் கவுச்சி தொடமாட்டேன். ஓட்ட பாத்தாலே தெரியுதே, அப்பறம் இன்னாத்துக்கு?"

போன புரட்டாசியில் இதே மேஜையில் அவள் மீன் அறுத்துக்கினு இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. வீட்டில் துன்னாமல் இருப்பதுதான் விரதம்; ஆய்வகத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனாலும் பெருமாள் பேரைச் சொன்ன பிறகு திருப்பதியில் யார் மறுத்துப் பேசுவார்கள்? மட்டிகள் திறக்கப்படாமலே ஸ்பிரிட் ஜாடிக்குள் போயின.

சொன்னாளே தவிர, அவளுக்கு நிம்மதியில்லை. கருத்தரங்கில் எவனாவது ஒருத்தன் திறந்து காட்டச் சொன்னால்? திங்கட்கிழமை காலை, யாரும் வருமுன் ஆய்வகத்துக்குப் போய் ஜாடியைத் திறந்தாள்.

மேலே கிடந்த மட்டியைச் சுற்றி வெள்ளை நூல் கட்டியிருந்தது. யாரோ திறந்து பார்த்துவிட்டு, வாய் பிளக்காமலிருக்க அழகாக மூடிக் கட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, யாமினியேதான். பிரமிளா நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டு, உள்ளே பார்த்தாள். திரையின் ஓரம் வழவழவென்று இருந்தது. பச்சை மட்டி.

தெரிந்துகொண்டே ஒருத்தரிடமும் சொல்லவில்லை அந்தப் பெண். அக்காவே பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறாள். தோற்றதைக்கூட பிரமிளா பொறுத்திருப்பாள். யாமினிக்கு இவ்வளவு நல்ல மனசும் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஹரிபாபுவின் அறைக்குப் போனபோது யாமினியும் அங்கே இருந்தாள்.

"சார், மனசு கேக்கல, நானே தெறந்து பாத்துட்டேன். பச்ச மட்டிதான். நிறம் ஏமாத்திடுச்சு."

ஹரிபாபு ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, "தப்புன்னு தெரிஞ்சா தானே வந்து சொல்ற மனசு எத்தனை பேருக்கு இருக்கு? யாமினி, பிரமிளாகிட்ட கத்துக்கோம்மா" என்றவர், பிரமிளாவை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார்.

"ஆமா சார்" என்றாள் யாமினி.

இத்தனை வருடம் ஏங்கிய காபி. பிரமிளாவால் அதை விழுங்கத்தான் முடியவில்லை.

வெளியே வராண்டாவில் யாமினி கையை நீட்டினாள். "அந்த நூல குடுங்கக்கா, திரும்பக் கட்டி வெக்கணும். நீங்க போய் கைய கழுவிக்கோங்க. பொரட்டாசியாச்சே."

பிரமிளா விரலிலிருந்த நூலைக் கழற்றிக் கொடுத்தாள்.