அவரு போட்ட பூட்ஸு, நான் போடாத செருப்பு

சாமிமாருங்களே, தாய்மாருங்களே, எல்லாருக்கும் சரணம். எங்க வூட்டுக்காரரு கோயிந்தனோட வலது காலு இன்னிக்கி அவரு ஒடம்போட இருக்குதுன்னா, அது ஐயப்பன் குடுத்தது. ஒருகாலத்துல அந்த காலு போயிடும்னு நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்ல. சொல்றேன் கேளுங்க. சிரிப்பு வந்தா சிரிங்க, ஐயப்பனே சிரிச்சிருப்பாரு.

எண்பது வாக்குல ஒரு கார்த்திகை ஒண்ணாந்தேதி, அவரு மொத மொறையா மாலை போட்டாரு. எனக்கு சந்தோஷம். நாப்பத்தெட்டு நாளு சாராயம் கெடையாது, சண்ட கெடையாது. என்னை திட்டணும்னாகூட "வாய மூடுங்க சாமி"ன்னு மரியாதையாதான் திட்டணும். பத்து நாளு மகாராணியாட்டம் இருந்தேன்.

அப்புறந்தான் அவரு காலப் பாத்தேன். குதிங்கால்ல கொப்புளம்.

நெய்வேலி மைன்ஸ்ல அவருக்கு கரி மேட்டுல வேல. வெட்டின கரிய மல மாதிரி கொட்டி வச்சிருப்பாங்க. அது தானாவே பத்திக்கும். மேல பாத்தா ஆறின அடுப்பாட்டம் கறுப்பா இருக்கும், உள்ள கனகனன்னு நெருப்பு. தண்ணி அடிச்சி அத அணைக்கணும். அதுக்குன்னு கம்பெனியில தோல் பூட்ஸ் குடுத்திருந்தாங்க. இவரு என்னா பண்ணாரு தெரியுமா? செக்யூரிட்டிக்கு காட்டறதுக்காக மைன்ஸ் கேட்டு வரைக்கும் போட்டுகினு போறது, கேட்ட தாண்டினதும் கழட்டி பையில வச்சிக்கறது. மாலை போட்டவரு தோலத் தொடக்கூடாதாம்.

எதிர்த்த குவார்ட்டர்ஸ்காரரு முந்தின வருஷந்தான் அந்த மேட்டுல கணுக்கால் வரைக்கும் பொதைஞ்சி, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அவரு நொண்டிகினு பால் வாங்க வர்றத தெனம் பாக்கறேன். எனக்கு சோறு எறங்கல.

"சாமி, பூட்ஸ போட்டுகினு வேல பாருங்க."

"தோலு ஆவாது."

"பஜனையில மேளம் அடிக்கறீங்களே, அது வாழப்பழத் தோலா?"

"வாய மூடுங்க சாமி."

அன்னிக்கி சாயங்காலம் எங்க பிளாக் பஜனப் பந்தல்ல ஓரமா நின்னு அழுதேன். மூணு புள்ளைங்க எனக்கு. கடைசி புள்ள இடுப்புல. "ஐயப்பா, அவருக்கு பதிலா நான் வெறுங்காலோட நடக்கறேன். நாப்பத்தெட்டு நாளும் செருப்பத் தொடமாட்டேன். அவர பூட்ஸ் போட வையி"ன்னு வேண்டிகினேன்.

எங்கிட்ட செருப்பே கெடையாது. பொறந்ததுலேர்ந்து போட்டதில்ல. அத நான் சாமிகிட்ட சொல்லல. அவரும் கேக்கல.

மறுநாளு பஜன முடிஞ்சி எல்லாரும் குருசாமி கால்ல வுழுந்தாங்க. அவரு திருநெல்வேலி பக்கத்து ஆளு, மைன்ஸ்ல பெரிய மிஷின் ஓட்டறவரு. இவரு குப்புற வுழுந்து கெடக்கறப்ப உள்ளங்கால் ரெண்டும் தெரிஞ்சிடுச்சி. குருசாமி பாத்துட்டாரு.

"கோவிந்தசாமி, மலைக்கு நீரு நடந்து வருவீரா, நாங்க தூக்கிட்டு போவணுமா?"

"தோலாச்சேன்னு..." இவரு இழுத்தாரு.

"ஐயப்பன் எது மேல வந்தாரு? புலி மேல. புலிக்கு தோலு கெடயாதாவே? ஷிப்டுல பூட்ஸ போடும். வெளிய வந்து கழத்தும். நானும் அப்படித்தான் செய்யுதேன்."

நான் சொன்னா வாயாடித்தனம், அவரு சொன்னா வேதவாக்கு. போவட்டும். நான் குருசாமிகிட்ட ஒரு வார்த்த பேசல. பந்தல்ல இருந்த சாமிகிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன். அந்த சாமி குருசாமிகிட்ட சொல்லிட்டாரு.

நாலாம் நாளு, தண்ணி அடிச்சிகினு நின்ன எடம் பொசுக்குன்னு உள்வாங்கிச்சி. வலது காலு கணுக்கால் வரைக்கும் நெருப்புக்குள்ள. கூட இருந்தவங்க இழுத்துப் போட்டாங்க. பூட்ஸோட ரப்பர் அடி உருகி வெல்லப்பாகாட்டம் தொங்குச்சி. உள்ள இருந்த பாதம் செவந்திருந்துச்சி, அவ்ளோதான். அந்த பூட்ஸ கையில புடிச்சிகினு வாசல்ல வந்து நின்னாரு. மாலை போட்ட மனுசன்னுகூட பாக்காம அந்த கால கட்டிகினு அழுதேன். அழுதுகினே சிரிச்சேன்.

மலைக்கு போயி நடந்தே ஏறிட்டு வந்தாரு. வந்ததும் என் வேண்டுதல சொன்னேன், செருப்பு விஷயத்தையுஞ் சேத்து.

"அடிப்பாவி, சாமியவே ஏமாத்திட்டியா"ன்னாரு. மாலை கழட்டியாச்சில்ல, மரியாத போயிடுச்சி. குள்ளஞ்சாவடி போயி நீலவாரு வச்ச ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கியாந்தாரு. என் வாழ்க்கையில மொத செருப்பு. கால்ல மாட்டி பாத்துகினு நாலு எட்டு நடந்தேன், மெத்து மெத்துன்னு இருந்துச்சி.

"இத கழட்டிட்டு நட. நாப்பத்தெட்டு நாளு"ன்னாரு. "பனியில நடந்தா வெரதமா? பங்குனி வெயில்ல ஆரம்பி."

ஆரம்பிச்சேன். செருப்பு இல்லாத காலத்துல சுடாத ரோடு, செருப்ப வூட்டுல வச்சிட்டு நடந்தப்ப சுட்டுச்சி பாருங்க. ஒவ்வொரு எட்டுக்கும் சரணம் சொன்னேன். அதான் நான் மனசாரக் கும்புட்ட மொத நாப்பத்தெட்டு நாளு.

அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க பஜனப் பந்தல் வெளிய பூட்ஸா வரிச கட்டி நிக்கும். இவரு பத்து வெரலோட ரிட்டயராயி, இப்ப பேரப்புள்ளைங்கள தொரத்திகினு ஓடறாரு.

அதனால சொல்றேன். பூட்ஸ மாட்டுங்க, தொப்பிய மாட்டுங்க, அப்புறம் கையெடுத்து கும்புடுங்க. கண்டிப்பா கேப்பாரு. ஆனா ஒண்ணு, உங்ககிட்ட இல்லாதத விட்டுத்தர்றேன்னு மட்டும் வேண்டிக்காதீங்க. மொதல்ல அத குடுத்துட்டு, அப்புறம் விட்டுத்தரச் சொல்லுவாரு.