ஒற்றைப்படை பைட்

தொண்ணூறுகளின் நடுவில், குரோம்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலை, அதாவது எல்லாவற்றையும் அடியிலிருந்து நடத்தும் பகுதியை, வேகமாக்கித் தர வேண்டும்.

எனக்கு முன்பே அந்த வேலையில் ஒரு மேடம் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சேலையூரிலிருந்து வருவார். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தகவலைச் சங்கேதமாக மாற்றும் என்கிரிப்ஷனும், செக்சம் என்ற பகுதியும் அவர் எழுதியவை. செக்சம் பெரிய மர்மம் இல்லை. ஒரு கணினி தகவலை அனுப்பும்போது அதிலுள்ள பைட்டுகளை, அதாவது சின்னச் சின்ன எண் துண்டுகளை, இரண்டிரண்டாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையும் சேர்த்து அனுப்பும். வாங்கும் கணினியும் கூட்டிப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் வந்ததைத் தூக்கிப் போட்டுவிடும்.

மேடம் எழுதிய கோடு, அதாவது நிரல், மெதுவாக ஓடுகிறது என்று மேனேஜர் ஒரு கூட்டம் போட்டார். மேடம் வரிவரியாகப் படிக்க வேண்டும், எங்கே நேரம் வீணாகிறது என்று நான் சொல்ல வேண்டும். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"கடைசியில இந்த இஃப் சோதனை எதுக்கு மேடம்?"

"நீளம் ஒற்றைப்படையா வந்தா கடைசி பைட் தனியா நிக்கும். அதையும் கூட்டணும்."

"இதுவரைக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கா? வராத விருந்தாளிக்கு தினமும் இலை போட்டு வெச்சிருக்கீங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அறையே சிரித்தது. மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேடம் கையிலிருந்த பிரின்ட் அவுட்டை மடிப்பு மாறாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

செக்சம் என் கைக்கு வந்தது. இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் அசெம்பிளி மொழியில் எழுதினேன். நான்கு நான்கு பைட்டாகக் கூட்டினேன், சுழற்சிகளைப் பிரித்துப் போட்டேன். வேகம் அசத்தியது. அந்த இஃப்பையும் எடுத்தேன். அனுப்பும் ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது ஒரு தகவல் பொட்டலத்துக்கு, ஒரே தடவை நடக்கும் சோதனை அது. எடுத்ததால் மிச்சமானது ஒன்றுமில்லை. கூட்டத்தில் சிரிக்கவைத்துவிட்டேன் என்பதற்காகவே எடுத்தேன். எங்கள் இரண்டு கணினிகளுக்கு இடையே ஓட்டிப் பார்த்தோம், பிழையே இல்லை. இரண்டிலும் ஓடியது என் கோடுதான். இரண்டும் ஒரே பைட்டை விட்டதால் கணக்கு ஒத்துப்போனது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முடித்த வேலையைப் பதிந்து அனுப்பிய டேப் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்ததும் புகார் வந்தது. வேறு தயாரிப்புக் கணினியோடு இணைத்தால் தொடர்பு நின்றுவிடுகிறது, அதுவும் என்கிரிப்ஷன் போட்டால் மட்டும். மேனேஜர் எல்லார் முன்னாலும் மேடத்தை நிற்க வைத்துக் கேட்டார். "செக்சத்தையும் சரியா எழுதல, இதையும் சரியா எழுதல. வேற என்னதான் வரும் உங்களுக்கு?"

அன்று மதியமே எனக்குப் புரிந்துவிட்டது. மேடத்தின் என்கிரிப்ஷன் எட்டெட்டு பைட்டாக மாற்றி, முன்னால் ஒரு பைட் சேர்க்கும். நீளம் எப்போதும் ஒற்றைப்படை. என் கோடு விட்ட கடைசி பைட்டை அந்த வேறு கணினி கூட்டியது, கணக்கு ஒத்துவரவில்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க கோடைப் படிச்சுப் பார்த்தேன். கடைசி பைட் விட்டுப் போகுது. நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"நாளைக்குச் சொல்லிடறேன் மேடம்."

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். இஃப்பைத் திரும்ப எழுதினேன், அது இல்லாத பழைய கோப்புகளை அழித்தேன். மேடம் அன்று முழுக்கக் காத்திருந்தார். அடுத்த நாளும் நான் வாயைத் திறக்காததால் அவரே மேனேஜரிடம் போனார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கோடைத் திறக்கச் சொன்னார். இஃப் இருந்தது. ஒற்றைப்படை நீளத்தில் ஒரு பாக்கெட் கொடுத்து ஓட்டினேன். சரியாக வந்தது.

மேடம் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு, "அவங்களுக்கு அனுப்பின டேப்பைப் பாருங்க சார்" என்றார்.

"அவங்ககிட்ட போய் அசிங்கப்படணுமா? உங்க தப்பை மறைக்க இவர் மேல பழி போடுவீங்களா?"

"விடுங்க சார், டென்ஷன்ல இருக்காங்க" என்றேன் நான். பெருந்தன்மை என்று சிலர் நினைத்தார்கள்.

அன்றே மேடம் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். புது டேப் போனது, தொடர்பு நிற்கவில்லை. மேடத்தின் பிழையை நான் சரிசெய்ததாக மேனேஜர் எல்லாரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. என்னை டீம் லீடராக்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவர என்னையே சேலையூருக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்த அவருடைய அப்பா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். மேடம் காபி போட உள்ளே போனார். பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்க கூட வேலை பார்த்தவர். அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. நிஜமாவே அவ தப்புதானா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"சின்னத் தப்புதான் சார். யாருக்கும் வர்றதுதான்."

"அவசரப்பட்டிருப்பா" என்று அவர் தலையசைத்தார்.

மேடம் காபியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். காகிதங்களை வாங்கி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆறிடும், குடிங்க" என்றார். குடித்தேன்.

பெரியவர் கேட் வரை வந்தார். பஸ் பிடிக்கக் கேம்ப் ரோட்டுக்குக் குறுக்கு வழி காட்டி, "மறைக்காம சொன்னீங்களே, நல்லா இருங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு பல வருடங்கள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருநாளும் இறங்கி அவரிடம் போய்ச் சொன்னதில்லை.