வெள்ளை கட்ட ஆள் தேடின வருசம்

சூரிச்சுக்குக் கிட்ட, ஓல்டனில் நானும் என் சிநேகிதியும் வேலை செய்தது ஒரு வயோதிபர் இல்லத்தின் கீழ்த்தளத்தில், சலவை அறையில். மேலே வெள்ளைக்காரக் கிழவர் கிழவிகள். கீழே அவர்களின் விரிப்புகளும் இரவுச் சட்டைகளும் மூத்திரம் பட்ட துணிகளும். தோய்க்கிறதும் காயவைக்கிறதும் மெஷின். கட்டில் விரிப்பை மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். எங்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். ரெயினை விட்டுவிடுவேனோ, அடுப்பை நிற்பாட்டினேனோ, அகதிப் பெர்மிட்டைப் புதுப்பித்துத் தராமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, ஊரில் அம்மா இருக்கிற பக்கம் குண்டு விழுந்திருக்குமோ என்று ஒன்று மாறி ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் சிரிப்பாள்.

"உன்ரை செத்தவீட்டுக்கும் நீதான் முதல் ஆளா வந்து நிப்பாயடி. இப்ப விரிப்பைப் பிடி. மிச்சப் பயத்தை மேலை ஏறினாப் பிறகு பயப்படு."

அவள் அப்படிச் சொன்னால் கொஞ்ச நேரம் நெஞ்சு ஆறும். இந்த நாட்டில் எனக்கு வாய்த்த மருந்து அவள்தான்.

இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவள் பிறகும் படித்தாள். ஆனால் ஊரில் அவள் வீட்டு வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை. அவளின் ஆட்கள் கட்டாடிமார். ஊருக்கு உடுப்புத் தோய்க்கிறவர்கள். நல்லது கெட்டதுக்குப் பந்தலின் மேல்பக்கம் வெள்ளைத் துணி கட்டுகிறவர்கள். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அவள் கழற்றிய உடுப்பை எடுத்துப் போகிறவர்கள். இந்த வீட்டுக்கு இந்தக் குடும்பம் என்று பரம்பரையாக விட்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. முந்தின காலத்தில் அடிமை குடிமை என்றே சேர்த்துச் சொல்வார்களாம். பிறகு அடிமை என்று சொல்லுகிறதை விட்டார்கள். குடிமை என்கிற அந்த ஊழியத்தை விடவில்லை.

ஆராவ், ஓல்டன், சூரிச் என்று சிதறிப்போன எங்கள் ஊராட்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். பொங்கல், கோடையில் விளையாட்டுப் போட்டி, சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா எழுதப் பழக்கினது அவள்தான். என் மகனும் அவளிடம்தான் படித்தான். சங்கத் தலைவர் ஆராவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊரில் அவர்கள் வயலும் தோட்டமுமாக இருந்த பெரிய வீடு. அவளின் குடும்பம் தலைமுறையாகத் தோய்த்தது அந்த வீட்டுக்குத்தான். இங்கே வந்தபிறகு அதை ஒருவரும் கதைப்பதில்லை. கதைக்காதபடியால் அது போய்விட்டது என்று நினைத்தேன்.

தலைவரின் மகள் பெரியபிள்ளையானாள். ஊரில் செய்வதுபோலவே சடங்கு செய்ய ஆராவில் மண்டபம் எடுத்தார்கள். தலைவரின் மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா வீடு வீடாகப் போய்க் குங்குமம் வைத்து அழைத்தா. என் வீட்டிலும் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடித்துப் பலகாரத்தில் ஒன்றைக் கடித்துவிட்டுத்தான் போனா.

அடுத்த நாள் சலவை அறையில் விரிப்பை அவள் உதறின உதறலில் என் கையிலிருந்த மூலை கழன்று போனது.

"என்னடி, அக்கா உன்ரை வீட்டுக்கு வரேல்லையோ?"

"வந்தவா. கால்மிதியிலை நிண்டவா."

"உள்ளுக்கை வரேல்லையோ?"

"உள்ளுக்கை வந்து இருந்தால் அது அழைப்பெல்லோ. இது சொல்லிப்போட்டுப் போறது. சடங்கண்டைக்கு நேரத்தோடை வந்து வெள்ளை கட்ட வேணுமாம். பிள்ளையின்ரை உடுப்பையும் எடுக்க வேணுமாம். உங்கடை ஆக்கள் எங்களுக்குச் செய்யிறதுதானே எண்டா."

"நீ என்ன சொன்னனீ?"

"விருந்துக்குக் கூப்பிட்டால் நல்ல சீலை கட்டிக்கொண்டு வாறன் எண்டனான். அவ படியிறங்கிப் போட்டா."

எனக்கு இனி ஆர் ஆரோடு கதைக்காமல் விடுவார்கள், இவளை நாங்கள் இழந்துவிடுவோமோ என்ற ஒரே பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓல்டனில், தேவாலயக்காரர் எங்களுக்கு விடுகிற மண்டபத்தில் சங்கக் கூட்டம். விளையாட்டுப் போட்டியைப் பற்றிக் கதைக்கத்தான் கூடினோம். தலைவர் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, அவளின் புருசன் எழும்பினார்.

"அண்ணை, என்ரை மனிசியை விருந்துக்குக் கூப்பிட்டனீங்களோ, வேலைக்குக் கூப்பிட்டனீங்களோ? அதை முதல் சொல்லுங்கோ."

"தம்பி, நான் புதுசா ஒண்டும் உண்டாக்கேல்லை. ஊர் முறை அது."

சூரிச்சிலிருந்து வந்த இளம் பெடியன் ஒருவன் எழும்பி, மற்ற ஊர்ச் சங்கங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டன என்றான். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மற்ற ஊர் என்னவும் செய்யட்டும். இந்த நாட்டைப் பாருங்கோ. ஆராவிலை ஒரு சட்டம், ரெயினிலை ஏறி ஓல்டனிலை இறங்கினால் வேறை மாகாணம், வேறை சட்டம். ஒரு கன்ரோன் மற்றக் கன்ரோனிலை கை வைக்கிறேல்லை. அதாலைதான் வெள்ளைக்காரன் சண்டையில்லாமல் இருக்கிறான். எங்கடை ஊர் முறையை நாங்கள் தீர்மானிப்பம். வெளியாலை இருந்து ஆரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை."

பலர் கை தட்டினார்கள். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் நின்ற அவள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாங்கள் எண்டால் ஆர் அண்ணை? நானும் அந்த ஊர்தானே. என்னை ஒருநாளும் ஒருத்தரும் கேக்கேல்லையே?"

அதற்குப் பிறகு ஆர் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியாத சத்தம். "அங்கை சனம் சாகுது, இஞ்சை நீங்கள் உடுப்புக்கு அடிபடுறியள், ஒற்றுமை வேணும்" என்று ஒருவர் கத்தினார். "ஒற்றுமை எண்டால் நாங்கள் வாயைப் பொத்துறது, அப்பிடியோ?" என்று அவளின் புருசன் கேட்டார். கதிரை ஒன்று விழுந்தது. தேவாலயக்காரர் ஓடி வருவார், பொலிஸ் வரும், பெர்மிட் போகும் என்று என் மனம் எங்கெங்கோ ஓடியது. அந்தப் பதட்டத்தில்தான் எழும்பினேன். வாழ்க்கையில் கூட்டத்தில் கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

"நான் கட்டுறன் வெள்ளை. உடுப்பையும் நானே எடுக்கிறன். ஒவ்வொரு நாளும் தோய்க்கிற வேலைதானே. சண்டையை விடுங்கோ."

முதலில் சிரித்தார்கள். என் புருசன் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன விசரோ, இரு." தலைவர் சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"தங்கச்சி, நீ செய்தால் அது எங்களுக்கு வெக்கம்."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். சைக்கிள் விடுகிற இடத்தில் நின்றாள்.

"கேட்டனியோ? நீ செய்தால் அவைக்கு வெக்கம். நான் செய்தால் அவைக்கு மரியாதை."

"சண்டை வரக்கூடாது எண்டுதான்…"

"தெரியும். நீ நல்ல மனதோடைதான் சொன்னனீ. ஆனால் நீ எடுத்தால் அது ஒருநாள் உதவி. நான் எடுத்தால் நாளைக்கு என்ரை மோளும் எடுக்க வேணும்."

என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

சடங்கு நடந்தது. பாதிச் சனம் போகவில்லை. நாங்கள் போவதா விடுவதா என்று வீட்டில் சண்டை. என் புருசன் தனியாகப் போனார். தலைவரே ஏணியில் ஏறி, வேலை செய்கிற உணவகத்தில் இரவல் வாங்கின மேசைவிரிப்புகளைக் கட்டினாராம். பிள்ளையின் உடுப்பை எடுக்க ஆள் இல்லை. அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவர்களுக்குத் தோய்க்கிற முறை வரும்வரை அக்கா அதை ஒரு பையில் கட்டி வைத்திருந்து, பிறகு கீழே கொண்டுபோய்ப் பொது மெஷினில் போட்டாவாம். இதைச் சொல்லி இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பொங்கலுக்குச் சங்கம் இரண்டாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே ஊர்ப் பெயர். இரண்டு மண்டபம், இரண்டு பானை, இரண்டு விளையாட்டுப் போட்டி. தமிழ் வகுப்பு நின்றுபோனது. ஏன் படிப்பிக்க அன்ரி வருவதில்லை என்று மகன் கேட்டான். எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கு அதற்கு என்ன பதில் தெரியும்? எந்த வகுப்புப் படித்தவருக்குத்தான் தெரியும்?

பெர்மிட் மாறி, வேறு கன்ரோனில் இருக்கலாம் என்றானதும் அவளும் புருசனும் லொசான் பக்கம் போய்விட்டார்கள். அங்கே எங்கள் ஊராட்கள் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் போனார்கள். சலவை அறைக்கு அவளுக்குப் பதிலாக போஸ்னியாவிலிருந்து வந்த ஒரு பெண் வந்தாள். நல்லவள். நான் வலப்பக்கம் மடித்தால் அவள் இடப்பக்கம் மடிப்பாள். இருவருக்கும் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்தான். "உங்கடை நாட்டிலும் சண்டையா?" என்று ஒருநாள் கேட்டாள். ஓம் என்றேன். எங்கே தொடங்கினது என்று கேட்டாள். எந்தச் சண்டையைக் கேட்கிறாள் என்று யோசித்தபடி அடுத்த விரிப்பை எடுத்து உதறினேன்.

சில வருசம் கழித்து ஒரு மத்தியானம் அவள் ரெலிபோன் எடுத்தாள். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாளாம்.

"என்ன செய்தனீங்கள்?"

"கேக் வெட்டினம். உடுப்பை மெஷினுக்குள்ளை போட்டன். அவ்வளவுதான்."

"சடங்கு செய்யேல்லையோ? ஆரையும் கூப்பிடேல்லையோ?"

"ஆரைக் கூப்பிடுறது?"

நான் வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பழையபடி சிரிக்கப் பார்த்தாள்.

"சரி சொல்லு. இண்டைக்கு உனக்கு என்ன பயம்?"

"ஒண்டுமில்லை" என்றேன். அவள் நம்பவில்லை.