கபீர் முதுகு சாய்த்த பெட்டி

போன மாதம் என் மகன் பாபு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை. கையில் வாங்கியதும் அதைத் தலைகீழாகத் திருப்பித் திருகாணி எங்கே என்று தேடினேன். முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஒன்றுகூட இல்லை.

“ரிப்பேரானா எப்பிட்ரா தொறப்ப?”

“தொறக்கவே வேணாம் நைனா. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் திருவொற்றியூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஃபிளாட்டுக்குக் குடிபோவதாக இருந்தோம். அங்கே ஹாலில் என் பழைய செட்டுக்கு இடமில்லை, காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்பது அவன் கட்சி.

என் செட்டை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். கப்பலில் வேலை பார்த்த ராயபுரத்துக்காரர் ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து, சில வருடம் கேட்டுவிட்டு எனக்கு விற்றது. ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், இடுப்பு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். ஆம்ப்ளிஃபயருக்கு மேல்மூடி நல்ல கனத் தகடு. சவுண்டைக் கூட்டுகிற குமிழ், அலுமினியக் கட்டியைக் கடைந்து எடுத்தது. நானே லேத்தில் நின்று கடைந்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது. இதை அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நானும் கூட வேலை பார்த்த கபீரும்தான் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பெட்டியில் மூன்று நாளைக்கு மீன் வாசம் போகவில்லை. மீன் வாசத்துக்குப் பயப்படாத நான் உப்புக்காற்றுக்குப் பயந்தேன். எங்கள் பக்கம் கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் மொத்த செட்டுக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி வைத்தேன். உள்ளே வேர்த்து ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது.

“பெத்த புள்ளயக்கூட நீ இப்பிடிப் போத்துனது இல்ல” என்று என் மனைவி சிரித்தாள்.

நான்கு திருகாணிகள். கழற்றினேன், துடைத்தேன், பாடியது. அதற்குப் பிறகு கவரே கிடையாது. தினமும் சாயங்காலம் அரைமணி நேரமாவது ஓடவிடுவேன். அந்தச் சூட்டில் ஈரம் ஓடிவிடும். சூடேறிய தகட்டின் மேல் தூசி லேசாகக் கருகும் வாசனை ஒன்று வரும் பாருங்கள், அது வந்தால் கபீர் வந்துவிட்டான் என்றும் அர்த்தம்.

வண்ணாரப்பேட்டைக் கபீர் என்னோடு பிளேட் ஷாப்பில் இருந்தவன். இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து வளைக்கிற இடம் அது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால் கையாலேயே பேசிக்கொள்வோம். கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. காது மடலைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். இரண்டு கையையும் குறுக்கே வெட்டினால், அந்தத் தகடு கழிவு, ஒதுக்கு. அந்தச் சத்தத்தையும் மீறி அங்கே ஒன்று கேட்கும் என்றால் அது கபீரின் பாட்டு. அவன் பாடினால் சம்மட்டிகள் தாமாகவே தாளத்துக்கு விழும்.

அந்த ஷாப் எங்கள் எல்லோர் காதையும் பதம் பார்த்தது. கபீருக்கு மிச்சமே வைக்கவில்லை. “எங்கொரலு எனக்கே கேக்கல, அப்பால இன்னாத்துக்குப் பாடறது?” என்று ஒருநாள் பாட்டை நிறுத்தியவன்தான். ஆனால் சாயங்காலமானால் என் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, இடது பக்கத்துப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொள்வான். “முதுவுல கேக்குது மாமு” என்பான். விரலால் தரையில் தாளம் போடுவான். வாய் மட்டும் திறக்காது.

செட்டைக் காயலான் கடைக்குப் போட விடமாட்டேன் என்று நான் அடம்பிடிக்கவும், எது நன்றாகப் பாடுகிறது என்று மூன்றாவது ஆளைக் கேட்கலாம், தோற்ற செட்டு வெளியே போகட்டும் என்றான் பாபு. சரி, கபீர் சொல்லட்டும் என்றேன்.

“காது கேக்காதவரு ஜட்ஜா? கள்ளாட்டம் நைனா!”

கள்ளாட்டம்தான். ஆனாலும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கபீர் வந்தான். முதலில் உருண்டை பாடியது. பொய் சொல்லக் கூடாது, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. என் செட்டு எனக்கு அதைத் தந்ததே இல்லை. கபீர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தான்.

“ஷோக்கா கீது. எப்போ பாடும்?”

அப்போது அது இரண்டாவது பாட்டில் இருந்தது.

பிறகு என் முறை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, பெட்டியைக் காட்டி, ஷாப்பில் செய்வது போல இரண்டு கையையும் குறுக்கே வெட்டினேன். கபீரின் முகம் மாறிவிட்டது. தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தான். பாட்டு ஆரம்பித்தது. பல்லவி திரும்பி வந்தபோது கபீர் வாயைத் திறந்து பாடினான். எத்தனை வருடம் கழித்து! குரல் உடைந்திருந்தது, ஆனால் சுருதி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடேயே, ஜப்பான்காரன் செய்த பெட்டியை ஏதோ நானே செய்த மாதிரி பாபுவை ஒரு பார்வை பார்த்தேன். அவன் ஃபோனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தான்.

முடிந்ததும் அந்த ஃபோனை ஒரு ஒயரால் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் சொருகினான். இந்தக் காலத்து ஒயர் அந்தக் காலத்து ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவும் என் செட்டின் பெருமைதான். மரப்பெட்டியிலிருந்து கபீரின் குரல் வந்தது. சாய்ந்த முதுகை எடுக்காமல் கபீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“யாருப்பா பாடறது?”

பாபு கபீரின் மார்பைத் தொட்டுக் காட்டினான். இல்லை என்று கபீர் தலையை ஆட்டினான்.

“போடா. நான் இத்தவிட ஷோக்கா பாடுவேன்.”

ஃபிளாட்டுக்குப் போன அன்று பெட்டியின் ஒரு முனையை பாபுதான் பிடித்தான். இப்போது ஹாலில் பாதி இடம் அதற்குத்தான். பிளேட் ஷாப்பை இடித்துவிட்டார்கள், அதன் சங்கும் ஊதுவதில்லை. அந்தச் சங்கை நான் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். மழையை, துறைமுகத்துக் கப்பலின் ஊதலை, மனைவி என்னைத் திட்டுவதைக்கூடப் பதிந்திருக்கிறேன். கபீர் தினமும் பக்கத்திலேயே நின்று பாடிக்கொண்டிருந்ததால் அவனைப் பதிய வேண்டும் என்று தோன்றவில்லை.

அவன் சொன்னது சரி. இதைவிட ஷோக்காகத்தான் பாடினான். அதற்குச் சாட்சி சொல்ல இன்று மிச்சமிருப்பது என் காது மட்டும்தான், அதுவும் பாதி.