கடைசி வரிசைக் கேள்வி

நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வில் போய் நின்றேன். அழகு என்றால் என்ன என்று ஜெர்மன் கருத்துமுதல்வாதிகள் சொன்னதை வைத்து, வயலும் வாய்க்காலும் வரும் மருதத்திணைப் பாடல்களை ஆராய்ந்திருந்தேன். ஆறு வருஷ உழைப்பு. பாபநாசத்துப் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடும் என் வீட்டுக்காரர்தான் அத்தனை நாளும் சமையலையும் பார்த்துக்கொண்டார்.

அன்றும் டீயையும் சமோசாவையும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்திருந்த வருகைத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் பதவி என்று ஒரு கட்டம். எல்லோரும் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் என்று எழுதியிருந்தார்கள்.

"இதுல என்ன போடுறது?"

"ஒண்ணும் போட வேணாம். உள்ள வந்து வாயத் திறக்காம உக்காருங்க," என்றேன். எனக்கு முன்கோபம் உண்டு. அன்று அதோடு கொஞ்சம் வெட்கமும் சேர்ந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சரியான இடத்தில் பிடித்தார். "ஆதாயம் எதிர்பார்க்காம ரசிக்கிறதுதான் அழகுணர்வுன்னு உங்க ஜெர்மன் தத்துவவாதி சொல்றார். நெல் விளையிற ஊர்ல பச்சை வயலைப் பார்த்தா, எத்தனை மூட்டை காணும்னுதானே தோணும்? அப்புறம் இது மருதத்துக்கு எப்படிம்மா பொருந்தும்?"

கையிலிருந்த குறிப்புகளைப் புரட்டினேன். இதில் தடுமாறினால் ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லிவிடுவார்கள்.

பொது வாய்மொழித் தேர்வு என்பதால் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"மேடம், ஒரு கேள்விங்க. பஸ்ல போறப்ப அடுத்தவன் வயலை எட்டி எட்டிப் பார்க்குறேன். அதுல ஒரு மணி நெல்லு எனக்குக் கிடையாது. எதுக்குங்க பார்க்குறேன்?"

மேடமாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். சொந்த வயலில் பூச்சியும் களையும்தான் கண்ணில் படும். அடுத்தவர் வயலில்தான் பச்சை தெரியும். மருதப் பாடலில் கதிரைப் பாடுகிறவர் அதை அறுத்துக்கொண்டு போகப்போவதில்லை. மூட்டைக் கணக்கிலேயே வாழ்கிற ஊருக்குத்தான் அதை மறந்து பார்க்கும் சுகம் தெரியும். பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினேன். ஆறு வருஷத்தில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்துவிட்டு, தேர்வாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பார்வையாளர் கேட்ட கேள்வியையும் அதில் பதிய வேண்டும். வருகைத் தாளைப் பார்த்தார்.

"கடைசி வரிசையில கேட்டவருக்குப் பதவி காலியா இருக்கே. யாரும்மா அவர்?"

"விவசாயிங்க சார்," என்றேன். அரங்கம் முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "என் வீட்டுக்காரர்."