குளியலறைத் தரையிலிருந்து கேட்ட வரம்

போன வருசம் நவராத்திரி வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் அம்மன் கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. நான் வீட்டுக் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தேன். நாதஸ்வரம் கேட்டது. எழும்ப முடியவில்லை. எழும்பினாலும் போக முடியாது, எனக்கு மாதத்துடக்கு. அம்மாளின் முகத்தைப் பார்க்கவேண்டும்போல் மனம் கிடந்து தவிக்கும் நாட்களில்தான் நான் கோயில் பக்கம் போகக்கூடாது.

அடியார்களே, கூட்டுப் பிரார்த்தனையில் இப்படியான விஷயத்தைச் சொல்வதா என்று நிறைய யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் மறைத்தால் அது நன்றிகெட்டதனம்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மாதத்துடக்கு நாட்களில் எனக்குத் தாங்கமுடியாத நோ இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு மோசமானது. அடிவயிற்றில் தொடங்கி இடுப்பு, தொடை என்று இறங்கும். சத்தி வரும், குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடும். மலம் கழிக்கப் போனால் உள்ளே கத்தியால் கீறுவதுபோல் இருக்கும். அந்த நாட்கள் முடிந்த பிறகும் வயிறு ஊதி, உடம்பு களைத்துக் கிடக்கும். ஸ்கான் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு டொக்டர் மன அழுத்தம் என்றார். இன்னொருவர், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். நுகேகொடையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் மனேஜர், "ஒவ்வொரு மாசமும் லீவா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் சுதன் நல்லவர். சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தருவார். ஆனால் ஸ்கான் முடிவைப் பார்த்த அன்று அவரும், "உண்மையாவே அவ்வளவு நோகுதா? இல்லாட்டிப் பயத்தில கூடத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் நோவைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டேன்.

சுதனின் அம்மா, என் மாமி, மாமா காலமான பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். ஆசாரம் பார்ப்பவர். துடக்கு நாட்களில் நான் சமையலறைக்குள் போவதில்லை. "நாங்களெல்லாம் இதோட தோட்ட வேலையும் செய்தனாங்கள்" என்பார். அதனால் அவருக்கும் நான் ஒன்றும் காட்டுவதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, துவாயைக் கடித்தபடி கிடப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. துடக்கோடு கும்பிடலாமா என்று யோசிக்கும் நிலையிலும் நான் இல்லை. ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். "அம்மாளே, நோவை எடு, நோவை எடு என்று கேட்டே களைத்துப்போனேன். இது பொய்யில்லை என்று நம்ப எனக்கு ஓராளைத் தா." அவ்வளவுதான் கேட்டேன்.

பூசை முடிந்து மாமி வந்தார். "பிள்ளை?" என்று கூப்பிட்டபடி வந்தவர், அருச்சனைத் தட்டோடு கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். என்னை அந்தக் கோலத்தில் அவர் ஒருநாளும் கண்டதில்லை. பிறகு, கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு ஈரத் தரையில் உட்கார்ந்தார். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"மாமி, துடக்கு... தொடாதேங்கோ."

"அது கிடக்கட்டும்."

தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

"நான் மூண்டு பெத்தவள். பிள்ளைப்பேறு நோ எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். இது அதுக்குக் குறைஞ்சதில்லை. நீ ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

நான் வாய்விட்டு அழுதேன். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அம்மாள் ஆளை அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமி விடவில்லை. கோயிலில் தெரிந்தவர்களிடம் விசாரித்து ஒரு பெண் டொக்டரைக் கண்டுபிடித்தார். தானும் கூடவே வந்தார். டொக்டர் சிங்களவர், ஆங்கிலத்தில் கதைத்தார். மாமிக்காகச் சுதன் தமிழில் சொன்னார். தாம்பத்தியத்தின்போது நோகுமா என்று டொக்டர் கேட்டதும் சுதனின் தமிழ் நின்றுவிட்டது. மாமி என்ன விளங்கிக்கொண்டாரோ, சுவரிலிருந்த கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். நான் தலையாட்டினேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, எண்டோமெற்றியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்றார் டொக்டர். அவர் சொல்லச் சொல்லச் சுதன் தாய்க்கு விளக்கினார்.

"கருப்பைக்கு உள்ள இருக்கிற தோல் மாதிரி ஒண்டு வெளியில, சினைப்பையிலயும் குடலுக்குப் பக்கத்திலயும் வளருதாம் அம்மா. உடம்பு அதைக் காயமெண்டு நினைச்சு எதிர்க்குதாம். அதில அழற்சி வருது. வீங்குது, நோகுது. அந்த அழற்சியே அங்க புது ரத்தக்குழாயும் நரம்பும் வளரப் பண்ணுதாம். அதால அது இன்னும் நல்லா வேர்பிடிக்குது. அது வளர, அழற்சியும் கூடுது."

"அப்ப ஒண்டையொண்டு ஊட்டி வளர்க்குது" என்றார் மாமி.

சுதன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் டொக்டர், "அதேதான்" என்றார். முதலில் ஏன் தொடங்குகிறது என்று முழுதாக இன்னும் தெரியாதாம்.

"ஸ்கானில ஏன் காட்டேல்லை?" மாமி விடவில்லை.

"சின்னச் சின்னதா இருந்தால் ஸ்கானில படாதாம்" என்று சொல்லிக்கொண்டே சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தவர், காலி வீதியைக் கடந்த பிறகும் விடவில்லை.

தை மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. சின்னத் துளை போட்டு, கமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு சினைப்பை குடலோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்துவிட்டு, வளர்ந்திருந்ததை அகற்றினார்கள். பரிசோதனையும் அந்த நோய்தான் என்று சொன்னது. திரும்ப வரலாம் என்றும் டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஹோர்மோன் குளிசை விழுங்குகிறேன்.

நோ முழுதாகப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வாழ்க்கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. வேலைக்குப் போகிறேன். சிரிக்கிறேன். நோகிற நாட்களில் சுதன் சோறு வைக்கிறார். மாமி சாமியறைக் கதவைத் திறந்துவிட்டு, "கிடந்த இடத்தில கிடந்தே கும்பிடு பிள்ளை" என்கிறார். போன கிழமை கோயில் வாசலில் ஒரு அம்மா, தன் மகளுக்கும் இப்படித்தான், போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி நடுவில் புகுந்தார். "பழகக்கூடாது. நாளைக்கே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

உங்களில் யாராவது இப்படி ஒரு நோவை ஒளித்து வைத்திருந்தால், அம்மாளிடம் சொல்லுங்கள். எந்த நாளென்றாலும், எந்தக் கோலமென்றாலும் அவள் கேட்பாள். பிறகு வீட்டில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். என்னை நம்பப்போகிறவர் எங்கிருந்து வருவாரோ என்று நான் ஏங்கியிருந்தேன். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.